உங்களுக்குத் தெரியுமா? தீவகத்தாருக்குப் புகை கூடுதலாக வாங்கும் விலை

● நெடுந்தீவில் ஒருவருக்கு நெஞ்சு இறுக்கிப் பிடித்தால், யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போய்ச் சேர முதலில் கடலைத் தாண்ட வேண்டும். குறிகட்டுவானுக்கு லோஞ்சில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். பிறகு புங்குடுதீவு, வேலணை, பண்ணை என்று தரைவழிப் பயணம். சோளகம் பெயர்ந்து கடல் கொந்தளித்தால் எல்லாமே பிந்தும். மாரடைப்பிலோ இதயத் தசை நிமிடக் கணக்கில் செத்துக்கொண்டிருக்கும். புகைப்பவருக்கு இதயக் குருதிக்குழாய் நோய் வரும் வாய்ப்பு, புகைக்காதவரைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகம். கொழும்பில் இருப்பவரும் நெடுந்தீவில் இருப்பவரும் ஒரே சிகரட்டைத்தான் பற்றவைக்கிறார்கள். ஆனால் ஆபத்து வரும் நாளில் தீவானுக்குக் கையில் இருக்கும் நேரம் குறைவு. தீவகத்தில் புகையை விடச் சொல்ல இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

● உடம்பு திருந்தத் தொடங்க அதிக நேரம் கேட்பதில்லை. கடைசிச் சிகரட்டை அணைத்துவிட்டு நெடுந்தீவில் லோஞ்ச் ஏறுகிறவருக்கு, குறிகட்டுவானில் இறங்குமுன்னமே இதயத் துடிப்பும் குருதி அழுத்தமும் இறங்கத் தொடங்கியிருக்கும். அதற்கு 20 நிமிடம் போதும். 12 மணி நேரத்தில், புகையோடு குருதியில் சேர்ந்த காபனோரொட்சைட்டு வாயு வழமையான அளவுக்கு வந்துவிடும். இரண்டு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் குருதியோட்டம் சீராகி, சுவாசப்பை இலகுவாக வேலை செய்யும். ஒன்பது மாதத்துக்குள் இருமலும் இளைப்பும் குறையும். ஒரு வருடம் கழிந்தால், புகையால் வந்த இதயநோய் ஆபத்தில் பாதி போய்விடும். சுவாசப்பைப் புற்றுநோய் ஆபத்து பாதியாகக் குறையப் பத்து வருடம் எடுக்கும். இவை உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்குகள்.

● காபனோரொட்சைட்டு ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகக் குருதியில் ஒட்டிக்கொள்ளும். அது பிடித்த இடத்தில் ஒட்சிசனுக்கு இடமில்லை. சங்குக்கும் கடலட்டைக்கும் சுழியோடுகிற ஒருவர் தண்ணீருக்குள் இறங்குமுன் புகைத்தால், மூச்சுப் பிடிக்கும் வலுவில் ஒரு பங்கைக் கரையிலேயே விட்டுவிட்டுத்தான் இறங்குகிறார்.

● புகையிலை எங்கள் மண்ணுக்கு வந்தேறிய பயிர். தாயகம் அமெரிக்கக் கண்டம். கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவற்றின் குடும்பம். போர்த்துக்கேயர் காலத்தில் வந்து ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்தின் பெரும் பணப்பயிராக வளர்ந்தது. திருவிதாங்கூர் அரசு யாழ்ப்பாணப் புகையிலை வணிகத்தைத் தன் ஏகபோகமாகவே வைத்திருந்தது. அந்த வழக்கம் ஓய்ந்த பிறகும் மலையாளச் சந்தைக்கென்றே இங்கே புகையிலை விற்பனவுச் சங்கம் இயங்கியது. தென்னிலங்கைப் பட்டினங்களில் யாழ்ப்பாணத்தார் நடத்திய சுருட்டுக்கடைகளை அறியாதவர் இல்லை. தீவகத்து வணிகர்கள் பலரும் அங்கே கடை போட்டுத்தான் முன்னேறினார்கள். சுருட்டுக் கொட்டில்களில் ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்டபடியே சுருட்டுச் சுற்றினார்கள். எங்கள் வீடும் கிணறும் பிள்ளைகளின் படிப்பும் இந்த இலையால் வந்தவைதான் என்று சொல்கிற குடும்பங்கள் வேலணையில் இன்றும் உண்டு. அவர்களை நோகடித்துப் பேசுவதில் பயன் இல்லை. புகையிலைச் செய்கையை 2020-க்குள் நிறுத்தப்போவதாக அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அறிவித்தபோது, மாற்றுப் பயிருக்கும் சந்தைக்கும் வழி சொல்லுங்கள் என்று விவசாயிகள் கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. பயிரிடுகிறவருக்கு வழி காட்டுவது அரசின் கடமை. புகைப்பவர் விடுவதற்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

● ஈரமான புகையிலை இலையைக் கையாளும்போது நிக்கொட்டின் தோல் வழியாகவே உடம்புக்குள் இறங்கும். தலைச்சுற்று, வாந்தி, தலையிடி என்று வரும். மழைக்கும் பனிக்கும் பிறகு இலை வெட்டப் போகிறவர்கள் கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட வேண்டும். பிள்ளைகளை அந்த வேலைக்குக் கூப்பிடவே கூடாது.

● “அப்பு சுருட்டுத்தான் பிடிக்கிறவர், புகையை உள்ளே இழுக்கிறேல்லை” என்று பல வீடுகளில் ஆறுதல் சொல்வார்கள். சுருட்டுப் புகை காரத்தன்மை உடையது. வாயின் உட்தோலே நிக்கொட்டினை உறிஞ்சிவிடும், உள்ளே இழுக்கத் தேவையில்லை. வாய், தொண்டை, களம் ஆகியவற்றில் புற்றுநோய் வர, வாயில் நிற்கும் அந்தப் புகையே போதும்.

● “ஒரு நாளைக்கு ஒன்றுதானே?” இதுவும் அடிக்கடி கேட்கும் பேச்சு. 2018-ல் பிரித்தானிய மருத்துவ இதழில் வந்த ஆய்வு இதற்குப் பதில் சொன்னது. நாளுக்கு 20 சிகரட் பிடிப்பவருக்கு மேலதிகமாக வரும் இதயநோய் ஆபத்தில் ஏறக்குறைய பாதி, நாளுக்கு ஒன்று மட்டும் பிடிப்பவருக்கும் இருக்கிறது. குறைப்பது சுவாசப்பைக்கு ஓரளவு உதவும். இதயத்துக்கு முற்றாக விடுவது ஒன்றுதான் வழி.

● அப்படியானால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து விடுவதா, ஒரே நாளில் நிறுத்துவதா? இங்கிலாந்தில் 697 பேரை இரு பிரிவாக்கிச் செய்த ஆய்வின் முடிவு 2016-ல் வந்தது. நான்கு வாரத்தின் பின், ஒரே நாளில் நிறுத்தியவர்களில் 49 வீதத்தினரும், படிப்படியாகக் குறைத்தவர்களில் 39 வீதத்தினரும் புகையாமல் இருந்தார்கள். நாள் குறித்து, அந்த நாளில் நிறுத்துவதே மேல்.

● நாள் குறிக்க எங்களுக்குக் கோயிலும் தேவாலயமும் இருக்கின்றன. புகையை விட்டவருக்கு எரிச்சல், நித்திரையின்மை, பதகளிப்பு எல்லாம் முதல் மூன்று நாளில் உச்சத்துக்கு வந்து, இரண்டு முதல் நான்கு வாரத்தில் தணியும். நல்லூர்க் கந்தன் மகோற்சவம் 25 நாள். கொடியேற்றத்தன்று மச்சத்தை விடுகிற வீட்டில் அன்றே சிகரட்டையும் விட்டால், தீர்த்தம் முடியும்போது மிகக் கடினமான காலம் பெரும்பாலும் தாண்டியிருக்கும். நயினாதீவு நாகபூசணி அம்மன் ஆனித் திருவிழாவும் அப்படியே. அம்மனுக்கு நேர்த்தி வைக்கிறவர்கள் இதையும் வைக்கலாம். ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் உள்ள கத்தோலிக்கக் குடும்பங்களுக்குத் தவக்காலத்தின் 40 நாள் இருக்கிறது. கச்சதீவு அந்தோனியார் திருவிழாவும் அந்தக் காலத்திலேயே வரும். முஸ்லிம் அன்பர்களுக்கு நோன்பு மாதம். பகல் முழுதும் புகையாமல் இருந்து காட்டியவர்கள், இரவையும் அதோடு சேர்த்துக்கொண்டால் போதும்.

வீட்டில் எல்லோரும் சைவமாக இருக்கும் நாட்களில் ஒருவர் புகையை விடுவது இலகு. சுற்றிலும் எல்லோரும் ஏதோ ஒன்றை விட்டிருப்பார்கள். யாரும் சிகரட்டை நீட்ட மாட்டார்கள். “விரதம்” என்ற ஒரு சொல்லில் கூட்டாளிமாரின் கேள்வியும் நின்றுவிடும். விரதம் முடிந்த மறுநாளில்தான் விழிப்பாக இருக்க வேண்டும். பலர் வழுக்குவது அன்றுதான். மச்சம் சமைக்கும் அந்த நாளுக்கும் அடுத்த ஒரு கிழமைக்கும், புகைக்கும் கூட்டாளிமாரோடு கடற்கரையில் குந்தியிருப்பதைத் தவிர்த்துவிடுங்கள்.

● புகைக்கும் ஆசை எழுந்தால் அது நாள் முழுவதும் நிற்பதில்லை, சில நிமிடங்களில் தணியும். அந்தச் சில நிமிடத்துக்கு வாய்க்கும் கைக்கும் வேலை வேண்டும். எங்கள் பனை தருகிற புழுக்கொடியலைவிட அதற்கு ஏற்றது எனக்குத் தெரிந்து வேறில்லை. கல்லுப்போல இருக்கும். ஒரு துண்டைக் கடித்து முடிப்பதற்குள் ஆசை தணிந்துவிடும். பனங்கிழங்குக் காலத்தில் கிழங்கை நார் உரித்து, ஒடித்து, மென்று தின்பதும் அப்படித்தான். தண்ணீர் குடியுங்கள், ஆழமாக மூச்சு எடுங்கள், கிணற்றடி வரை நடந்துவிட்டு வாருங்கள்.

● பிளேன்ரீயும் சிகரட்டும் சோடியாகப் பழகியவர்களுக்கு ஒரு செய்தி. புகையிலைப் புகை தேயிலை, கோப்பியில் உள்ள கஃபீனை ஈரலில் வேகமாக உடைக்கச் செய்யும். புகையை விட்டதும் அந்த வேகம் குறைந்து, அதே அளவு தேநீரிலேயே கஃபீன் உடம்பில் கூடுதலாகத் தங்கும். நித்திரை வராமல் நெஞ்சு படபடப்பதை, சிகரட் இல்லாத குறை என்று நினைத்து மீண்டும் பற்றவைத்தவர்கள் உண்டு. விடுகிற கிழமையில் தேநீரைப் பாதியாக்குங்கள், பின்னேரத்துக்குப் பிறகு வேண்டாம்.

● நாவின் சுவையும் மூக்கின் மணமும் சில நாட்களில் திரும்பும். ஒடியற்கூழ் குடிக்கும்போது தெரியும்.

● விட்டவர்களுக்கு முதல் வருடத்தில் சராசரியாக நான்கைந்து கிலோ எடை ஏறலாம். இதைச் சொல்லியே சிலர் தயங்குவார்கள். அந்த எடையால் வரும் கெடுதியைவிடப் புகையை விடுவதால் வரும் நன்மை பன்மடங்கு பெரிது. சீனி வருத்தம் உள்ளவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். புகைப்பவருக்கு அந்த நோய் வரும் வாய்ப்பே 30 முதல் 40 வீதம் அதிகம். வந்த பிறகும் புகைத்தால் காலுக்குப் போகும் குருதிக்குழாய்கள் அடைபட்டு, சிறு காயம் விரலையும் காலையும் எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோகும்.

● சத்திரசிகிச்சைக்கு நாள் கொடுத்திருக்கிறார்களா? அதற்கு நான்கு வாரம் முன்பே புகையை நிறுத்தினால் காயம் ஆறுவதிலும் மூச்சிலும் வரும் சிக்கல்கள் குறையும்.

● புகை மட்டுமா? 2015-ல் இலங்கை முழுவதும் எடுத்த கணக்கெடுப்பில் ஆண்களில் 29.4 வீதத்தினர் புகைப்பவர்கள், பெண்களில் 0.1 வீதம். ஆனால் புகையாத புகையிலையில், அதாவது வெற்றிலையோடு மெல்லுவதில், ஆண்கள் 26 வீதம், பெண்கள் 5.3 வீதம். அம்மம்மா சிகரட்டைத் தொட்டதில்லை என்று நாங்கள் பெருமைப்படும்போது அவவின் வெற்றிலைத் தட்டத்தில் புகையிலைத் துண்டு கிடக்கிறது. இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய்தான். புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்பதைப் புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம் 2004-லேயே உறுதி செய்துவிட்டது. வாய்க்குள் இரண்டு கிழமையாக ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாயை முழுதாகத் திறக்க முடியாமை, இவற்றில் எதைக் கண்டாலும் உடனே காட்ட வேண்டும். ஆரம்பத்தில் கண்டால் குணமாக்கலாம்.

● அப்படிக் கண்டுபிடித்தால் முன்போல மகரகமவில் உள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்கு அலைய வேண்டிய கட்டாயம் குறைந்திருக்கிறது. 2011-ல் நாட்டின் தெற்கு முனையான தேவேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றர் நடந்து பணம் திரட்டினார்கள். அந்தப் பணத்தில் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்து, 2013-ல் திறக்கப்பட்டது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் வீதியில் நின்று கொடுத்த காசு அது. போர் முடிந்து இரண்டு வருடத்தில் நடந்த அந்த நடையை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிறையும்.

● புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் உடன்படிக்கையை ஆசியாவில் முதலில் உறுதிப்படுத்திய நாடு இலங்கை. 2003 நவம்பரில் அது நடந்தது. 2006-ம் ஆண்டின் 27-ம் இலக்கச் சட்டம் வந்த பிறகு 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரட் விற்பது குற்றம். “தம்பி, கடைக்கு ஓடிப்போய் ஒரு சிகரட் வாங்கி வா” என்று அப்பா மகனை அனுப்பினால், கொடுக்கிற கடைக்காரர் சட்டத்தை மீறுகிறார். அதைவிட, அந்தப் பிள்ளையின் கையில் முதல் சிகரட்டை வைத்தவர் அப்பாவே ஆகிறார். இந்த ஒன்றையாவது தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள்.

● கடைக்காரரும் நினைத்தால் முடியும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் கடை கடையாகப் போய்க் கேட்டதன் பேரில், நாட்டில் 107 பட்டினங்களின் வர்த்தகர்கள் சிகரட் விற்பனையைத் தாங்களாகவே கைவிட்டதாக, ராஜித சேனாரத்ன சுகாதார அமைச்சராக இருந்தபோது அறிவித்தார். அதில் முதலிடம் யாழ்ப்பாண மாவட்டத்துக்கு: 22 பட்டினங்கள். மாத்தறைக்கு 17, குருநாகலுக்கு 16. புகையிலையால் பணம் கண்ட மாவட்டமே இதில் முன்னுக்கு நின்றது. தீவகத்தில் ஓர் ஊருக்குக் கடைகள் எத்தனை? விரல்விட்டு எண்ணலாம். வழிபட வருகிறவர்களால் நிறையும் நயினாதீவு இறங்குதுறைத் தெருக்கடைகள் ஒன்று சேர்ந்து சிகரட்டை நிறுத்தினால், அதைப் பார்த்து மற்றத் தீவுகளும் கேட்கத் தொடங்கும்.

● இன்னொரு தீவு நாடு இதைவிடத் துணிந்துவிட்டது. மாலைதீவில் 2007 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் புகையிலை வாங்கவோ புகைக்கவோ முடியாது. அவர்களுக்கு விற்கவும் முடியாது. 2025 நவம்பர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது.

● சிகரட்டின் அடிக்கட்டையில் இருப்பது பஞ்சல்ல, ஒருவகைப் பிளாஸ்ரிக். 2011-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், புகைத்து எறிந்த ஒரே ஓர் அடிக்கட்டை ஊறிய ஒரு லீற்றர் நீர், விடப்பட்ட மீன்களில் பாதியைக் கொன்றது. நன்னீர் மீனுக்கும் கடல் மீனுக்கும் ஒரே முடிவு. சாட்டிக் கடற்கரையிலும் இறங்குதுறைகளிலும் மணலுக்குள் மிதித்துவிட்டுப் போகிற அடிக்கட்டைகள் மழையோடு போய்ச் சேருவது எங்கள் களங்கண்ணி வலை நிற்கும் ஆழங்குறைந்த கடலில்தான்.

● நாளுக்கு ஐந்து சிகரட் என்றால் வருடத்துக்கு 1,825. ஒன்றை நூறு ரூபா என்று குறைத்தே வைத்தாலும் 182,500 ரூபா. வலைக்கும் மண்ணெண்ணெய்க்கும் கடன்படுகிற வீட்டில் இந்தக் கணக்கை ஒருமுறை எழுதிப் பாருங்கள்.

● “இனி விட்டு என்ன, வயது போய்விட்டது” என்பவர்களுக்கு: பிரித்தானியாவில் 1951-ல் 34,439 ஆண் வைத்தியர்களின் புகைப்பழக்கத்தைக் குறித்துக்கொண்டு, 50 வருடம் அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். 30 வயதில் விட்டவர்களுக்குப் பத்து வருட ஆயுள் மிஞ்சியது. 40-ல் விட்டவர்களுக்கு ஒன்பது, 50-ல் ஆறு, 60-ல் விட்டவர்களுக்கும் மூன்று. மூன்று வருடத்தில் ஒரு பேரப்பிள்ளை பிறந்து, நடந்து, “அப்பு” என்று கூப்பிடும். ஆய்வை வழிநடத்திய ரிச்சர்ட் டோல், சுவாசப்பைப் புற்றுநோய் பற்றிய தன் முதல் முடிவுகளைக் கண்டதுமே தானும் புகையை விட்டவர்.

● முதல் முயற்சியிலேயே எல்லோருக்கும் கைகூடுவதில்லை. எந்த உதவியும் இல்லாமல் விட முயல்வோரில் நூற்றுக்கு நாலு பேருக்குத்தான் அது நிலைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வைத்தியரின் ஆலோசனையும் மருந்தும் சேர்ந்தால் வெற்றி வாய்ப்பு இரட்டிப்புக்கும் மேல். ஆகவே முன்பு விட்டு, மீண்டும் தொடங்கியவர்கள் தங்களைக் குறை சொல்ல வேண்டாம். அது பலவீனம் அல்ல. நிக்கொட்டின் மூளையைப் பிடிக்கும் முறை அப்படி. மூளையை அடைய அதற்குப் பத்துச் செக்கன் போதும். இம்முறை உதவியோடு விடுங்கள். ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலையிலோ உங்கள் தீவின் வைத்தியசாலையிலோ வைத்தியரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள்.

● கடல் தாண்டத் தேவையில்லாத உதவியும் ஒன்று உண்டு. புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபையின் ஆலோசனை இலக்கம் 1948. அழைப்புக்குக் காசில்லை. நெடுந்தீவானோ நயினாதீவானோ அனலைதீவானோ, கைத்தொலைபேசியை எடுத்து இன்றைக்கே அந்த நாலு இலக்கத்தையும் அழுத்துங்கள். நீங்கள் புகைக்காதவர் என்றால், புகைக்கும் உங்கள் அண்ணருக்கு அழுத்திக் கொடுங்கள்.